கைவழிக் கல்வி

நுழையும்முன்

ஓர் இனம் பல நூற்றாண்டுகளாகச் சேர்த்துவைத்த அறிவு முழுவதும் நூல்களில் இருப்பதில்லை. அதன் பெரும்பகுதி உழைப்பவர்களின் கைகளில் இருக்கிறது. நூலைப் படியெடுக்கலாம்; கணினியில் ஏற்றி உலகின் எம்மூலைக்கும் நொடியில் அனுப்பலாம். கையில் உள்ள அறிவை அவ்வாறு அனுப்ப இயலுமா? காவிரிக் கரையில் உள்ள சுவாமிமலையின் உலோகப் படிமக் கலையை முன்வைத்து இவ்வினாவை ஆராய்கிறது இக்கட்டுரை.

அச்சு எஞ்சாத தொழில்

கும்பகோணத்தை அடுத்துள்ள சுவாமிமலையில் உலோகப் படிமம் ஒன்று உருவாவதை முதன்முறையாகக் காண்பவர்க்குப் பெருவியப்பைத் தருவது வார்ப்பு முடிந்தபின் நிகழும் செயலாகும். உருகிய உலோகத்தை ஏற்றுக் குளிர்ந்துபோன மண் அச்சைச் சிற்பி சுத்தியலால் தட்டி உடைக்கிறார். பல நாள் பூசி, நிழலில் உலர்த்தி, இரும்புக் கம்பியால் கட்டி, நெருப்பில் வாட்டி உருவாக்கிய அச்சு சிறிது நேரத்தில் மண்கட்டிகளாகச் சிதறுகிறது. உள்ளிருந்து கரிபடிந்த, கரடுமுரடான உலோக உரு வெளிப்படுகிறது. சிறு குறைகளை ஒட்டுப்போட்டுச் சரிசெய்து கொள்ளலாம். ஆனால் உலோகம் ஓடாமல் ஒரு கை முழுதும் குறைந்திருந்தாலோ முகத்தில் பெருங்குழி விழுந்திருந்தாலோ சிற்பி திரும்பிச் செல்வதற்கு அச்சும் இல்லை. அச்சுக்கு மூலமாக இருந்த மெழுகுருவும் இல்லை. மெழுகு முன்னரே உருகி ஓடிவிட்டது. மறுபடியும் முதலிலிருந்து தொடங்கவேண்டியதுதான்.

ஒரு மெழுகுருவுக்கு ஓர் அச்சு, ஓர் அச்சுக்கு ஒரு படிமம் என அமைந்த இம்முறையை வடமொழிச் சிற்பநூல்கள் ‘மதூச்சிட்ட விதானம்’ என்று குறிப்பிடுகின்றன. தேனை எடுத்தபின் எஞ்சும் தேன்மெழுகே மதூச்சிட்டம். மொகஞ்சதாரோவில் கிடைத்த நடனமங்கையின் வெண்கலச் சிற்றுருவும் மெழுகு வழியே வார்க்கப்பட்டதுதான். எனவே இத்தொழிலின் வயது இந்திய மண்ணில் 4000 ஆண்டுகளுக்கு மேற்பட்டது. சத்தீசுகரின் பஸ்தர் பகுதியில் வாழும் தோக்ராக் கைவினைஞர்கள் இதன் வேறொரு வடிவத்தை இன்றும் பயின்று வருகின்றனர். தமிழகத்தில் பல்லவர் காலத்தில் வேரூன்றிச் சோழர் காலத்தில் உச்சத்தை எட்டிய மரபின் வழித்தோன்றல்களாகச் சுவாமிமலை ஸ்தபதிகள் விளங்குகின்றனர். 2023ஆம் ஆண்டு தில்லியில் ஜி-20 மாநாடு நடைபெற்ற பாரத மண்டபத்தின் முன் நிறுவப்பட்ட, ஏறத்தாழ 27 அடி உயரமும் 18 டன் எடையும் கொண்ட நடராசர் படிமமும் இவ்வூரில் மெழுகு வார்ப்பு முறையிலேயே உருவானது.

ஒவ்வொரு முறையும் அச்சை உடைத்துவிடும் ஒரு தொழில் ஆயிரம் ஆண்டுகளாகத் தொடர்ந்து வந்தது எவ்வாறு? இவ்வினாவுக்கு விடை காண்பதற்கு முன் அத்தொழில் நடைபெறும் முறையைச் சற்று நெருங்கிக் காண்பது இன்றியமையாதது.

ஓலையும் மெழுகும்

படிமம் செய்யத் தொடங்கும் ஸ்தபதி முதலில் கையில் எடுப்பது தென்னை ஓலையின் நீண்ட கீற்று ஒன்றை. செய்யவிருக்கும் படிமத்தின் உயரத்திற்கு அதனை நறுக்கி, மடித்து மடித்துக் கூறுகளாகப் பகுத்துக் குறியிடுகிறார். இதற்கு ‘ஒடியோலை’ என்று பெயர். சிவன், திருமால் போன்ற பெருந்தெய்வங்களின் படிமங்களுக்கு உரிய ‘உத்தம தசதாலம்’ என்னும் அளவு முறையில் மொத்த உயரம் 124 கூறுகளாகக் கொள்ளப்படும். தேவியர்க்கு உரிய ‘மத்திம தசதாலத்தில்’ அது 120 கூறுகளாகும். ஒரு கூற்றுக்கு அங்குலம் என்று பெயர். இது நம் அளவுகோலில் உள்ள அங்குலத்தினின்றும் வேறானது. 62 சென்டிமீட்டர் உயரமுள்ள படிமத்திற்கு ஓர் அங்குலம் அரைச் சென்டிமீட்டராகும். அதனினும் இருமடங்கு உயரமான படிமத்திற்கு அதே அங்குலம் ஒரு சென்டிமீட்டராகும். உள்ளங்கையில் அடங்கும் படிமமாயினும் ஆள் உயரப் படிமமாயினும் உறுப்புகளின் விகிதம் மாறாமல் நிற்பதற்கு இவ்வோலையே காரணம். ஓலை வாடியதும் எறிந்துவிடுவர். அடுத்த படிமத்திற்கு அடுத்த ஓலை.

பின்னர் மெழுகு. தேன்மெழுகுடன் குங்கிலியத்தையும் கடலை எண்ணெயையும் சேர்த்துக் காய்ச்சி வடிகட்டிக் கலவை செய்கின்றனர். குங்கிலியம் உறுதியைத் தரும். எண்ணெய் இளக்கத்தைத் தரும். சித்திரை வெயிலுக்கு ஏற்ற கலவை மார்கழிக் குளிரில் விறைத்து உடையும். மார்கழிக்கு ஏற்றதோ சித்திரையில் விரலோடு ஒட்டிக்கொண்டு வரும். ஆதலால் விகிதத்தை ஒருமுறை எழுதிவைத்துக்கொண்டு ஆண்டு முழுதும் அதனையே பின்பற்றுதல் இயலாது. தலை, உடல், கைகால் ஆகியவற்றைத் தனித்தனியே பிடித்து, சுட்ட இரும்புக் கருவியால் இணைத்து, அணிகலன்களை மெழுகு நூலாகத் திரித்து ஒட்டுவர். வேலைக்கிடையே மெழுகு இளகாதிருக்க உருவை நீரில் அமிழ்த்தி எடுப்பர். பீடத்திலிருந்து மெழுகுத் தண்டுகள் சிலவற்றை வெளியே நீட்டிவைப்பர். பின்னர் உலோகம் நுழைவதற்கும் காற்று வெளியேறுவதற்கும் வழியாவன அவைதாம்.

மண்ணும் நெருப்பும்

மெழுகுருவின்மேல் மூன்று படலங்களாக மண் பூசப்படுகிறது. முதற்படலத்திற்குக் காவிரி கொண்டுவந்து சேர்க்கும் நுண்ணிய வண்டல் மண். அதனுடன் உமிக்கரியை அரைத்துக் கலப்பர். படிமத்தின் கண்ணிமை முதல் ஆடையின் மடிப்பு வரை உள்ள நுட்பங்களைப் பதிவு செய்துகொள்வது இப்படலமே. சுவாமிமலைச் சிற்பிகள் தம் ஊரின் மண்ணைப் பெருமையுடன் பேசுவதற்குக் காரணம் இதுதான். உமிக்கரி மண்ணுக்குள் நுண்துளைகளை உண்டாக்குவதால் வார்ப்பின்போது எழும் ஆவி அவற்றின் வழியே கசிந்து வெளியேறுகிறது. இரண்டாம் படலத்திற்கு வயல் களிமண்ணும் மணலும். மூன்றாம் படலத்திற்குப் பருமணல் கலந்த மண். பெரிய படிமமாயின் இரும்புக் கம்பிகளால் இறுகக் கட்டுவர். ஒவ்வொரு படலமும் நிழலில் உலரவேண்டும். வெயிலில் வைத்தால் மெழுகு உள்ளேயே இளகி உருக்குலையும். ஈரம் உலராமல் அடுத்த படலம் பூசினால் மண் வெடிக்கும்.

நன்கு உலர்ந்த அச்சை வறட்டி அடுக்கிச் சூடேற்றும்போது மெழுகு உருகி வழிகளின் மூலம் ஒழுகிவிடுகிறது. உள்ளே எஞ்சுவது வெற்றிடம். மற்றொரு புறம் மூசையில் உலோகம் உருகிக்கொண்டிருக்கும். ஐம்பொன் என்று பெயர் வழங்கினும் அதில் பெரும்பங்கு செம்பே. பொன்னும் வெள்ளியும் மிகச் சிறிதளவே சேர்க்கப்படுகின்றன. அச்சைக் குழியில் இறக்கி, வாய் மேல்நோக்கி இருக்குமாறு நிறுத்தி, அதன் சூடு தணிவதற்குள் உலோகத்தை இடையறாத மெல்லிய ஒழுக்காக ஊற்றவேண்டும். ஒழுக்கு அறுந்தால் படிமத்தில் இணைப்புக்கோடு விழும்; அச்சில் சிறிது ஈரம் எஞ்சியிருந்தாலும் உலோகம் சீறித் தெறிக்கும். உலோகம் ஊற்றும் பதத்தை அடைந்துவிட்டதா என்பதைச் சுடரின் நிறத்தையும் உருகிய பரப்பின் மினுக்கத்தையும் கண்டு முடிவு செய்கின்றனர். ஊற்றும் பணி சில நிமிடங்களில் முடிந்துவிடுகிறது. அதன்பின் உளியும் அரமும் கொண்டு தீட்டிச் செப்பம் செய்யும் பணியே வாரக்கணக்கிலும் மாதக்கணக்கிலும் நீள்கிறது. கண் திறத்தல் இறுதியாக நிகழும்.

தெரிந்து தெளிவோம்

வார்ப்புக்கு எவ்வளவு உலோகம் வேண்டும் என்பதை மெழுகுருவை நிறுத்துக் கண்டறிவர். சாளுக்கிய மன்னன் சோமேசுவரன் 12ஆம் நூற்றாண்டில் இயற்றிய ‘மானசோல்லாசம்’ என்னும் வடமொழி நூல், மெழுகின் எடையைப்போல் செம்புக்கும் பித்தளைக்கும் 8 மடங்கு, வெள்ளிக்கு 12 மடங்கு, பொன்னுக்கு 16 மடங்கு என வரையறுக்கிறது. வெண்கலம் மெழுகைக் காட்டிலும் ஏறத்தாழ எட்டு முதல் ஒன்பது மடங்கு அடர்த்தியானது என்கிறது இன்றைய இயற்பியல்.

எழுதப்பட்டதும் எழுதப்படாததும்

எழுதிவைக்கும் வழக்கம் நம்மிடம் இல்லாமையால்தான் தொழில்நுட்பங்கள் அழிந்தன என்று சிலர் கூறுவதுண்டு. இக்கூற்று முழு உண்மையாகாது. தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டுகள் இதற்குச் சான்று. முதலாம் இராசராசனும் அவன் தமக்கை குந்தவையும் அரசியரும் அதிகாரிகளும் அக்கோயிலுக்கு அளித்த செப்புப் படிமங்களைப் பற்றி அவை விரிவாகப் பேசுகின்றன. படிமத்தின் உயரம் முழத்திலும் விரலிலும் தரப்பட்டுள்ளது. கைகளின் எண்ணிக்கை உள்ளது. பீடத்தின் அளவு உள்ளது. அணிவித்த நகைகளின் எடை உள்ளது. உள்ளீடு நிரம்பிய வார்ப்பா, உட்புழை உள்ள வார்ப்பா என்பதைக்கூடக் ‘கனமாக’ என்றும் ‘பொள்ளலாக’ என்றும் பிரித்துக் குறித்துள்ளனர். இதனைக் காட்டிலும் நுட்பமான பட்டியலை இன்றைய அருங்காட்சியகமும் எழுதிவிட முடியாது. அப்படிமங்களுள் மிகச் சிலவே இன்று எஞ்சியுள்ளன. ஆயினும் காணாமற்போனவற்றின் தோற்றத்தைக் கல்வெட்டைக் கொண்டே நம்மால் ஓரளவு கற்பனை செய்துகொள்ள இயலுகிறது.

ஆனால் முதற்படலத்திற்கு மண் எந்தப் பதத்தில் இருக்கவேண்டும் என்பது அக்கல்வெட்டுகளில் இல்லை. மானசோல்லாசம் போன்ற நூல்கள் வார்ப்பின் படிநிலைகளைக் கூறினும், படிநிலைகளை அறிந்தவர் அனைவராலும் படிமம் வார்த்துவிட முடிவதில்லை. மண்ணின் பதம் யாதெனச் சுவாமிமலையில் வினவினால், சொல்லால் வரும் விடை பெரும்பாலும் ‘தொட்டுப் பார்த்தால் தெரியும்’ என்னும் அளவினதே. வினவியவர் கற்க வந்தவராயின், பிசைந்த மண்ணிலிருந்து ஓர் உருண்டையை எடுத்து அவர் உள்ளங்கையில் வைப்பதே முழு விடை. இதனைத் தொழில் மறைவு என்று கருதுவது பிழை. அவ்வறிவு சொல்லாக மாறும் இயல்புடையதன்று. மைக்கேல் போலனி என்னும் அறிஞர் கடந்த நூற்றாண்டில் இத்தகைய அறிவைத் தனியாகப் பிரித்து ஆராய்ந்தார். அதனை உள்ளுறை அறிவு எனத் தமிழில் கூறலாம். மிதிவண்டி ஓட்டத் தெரிந்த ஒருவரிடம் விழாமல் இருப்பது எவ்வாறு எனக் கேட்டால் அவர் தடுமாறுவார். அவர் கால்கள் தடுமாறுவதில்லை.

எடுபிடி வேலை என்னும் பள்ளி

கல்வெட்டும் நூலும் கொண்டுசெல்லாத அறிவைக் கொண்டுசென்றது எது? பட்டறையில் கடைநிலையில் இருந்த எடுபிடி வேலைகளே அவ்வறிவைச் சுமந்து வந்தன.

பட்டறைக்குப் புதிதாக வரும் ஒருவரை எவரும் மெழுகுக்கு முன் அமர்த்துவதில்லை. மண் சலித்தல், உமிக்கரி அரைத்தல், மண் பிசைதல், வறட்டி அடுக்குதல், துருத்தி ஊதுதல் ஆகியவையே அவருக்கு உரிய பணிகள். பார்ப்பதற்கு இவை வெறும் உடலுழைப்பாகத் தோன்றும். ஆனால் நூறு முறை மண் பிசைந்த கைக்கு நூற்றோராவது முறை பிசையும் மண்ணில் நீர் கூடியிருப்பது தானே புலப்படும். துருத்தி ஊதியவாறு உலையையே நோக்கிக்கொண்டிருந்தவருக்குச் சுடரின் நிறமாற்றம் மனத்தில் பதிந்துவிடும். அடுத்து அரம், பின்னர்ப் பீடம், திருவாசியின் சுடர்கள் முதலான எளிய மெழுகுப் பகுதிகள், அதன்பின் கைவிரல்கள். முகம் இறுதியில்தான் கைக்கு வரும். இப்படிகளைக் கடக்கப் பல ஆண்டுகள் ஆகும். இவ்வேலைகளுக்குப் பாடத்திட்டம் என எவரும் பெயர் சூட்டவில்லை. எனினும் பாடத்திட்டத்தின் பயனை அவை தந்தன.

இம்முறையைக் குறையற்றது எனப் போற்றவேண்டியதில்லை. தலைமுறை தலைமுறையாக இக்கல்வி குறிப்பிட்ட குடும்பங்களுக்குள்ளேயே நின்றது. பிறர்க்கும், பெரும்பாலும் பெண்களுக்கும், பட்டறையின் கதவு மூடியே இருந்தது. விளையாடவேண்டிய வயதில் சிறுவர் உலைமுன் அமர்ந்தனர். இன்று அவ்வயதினரைத் தொழிலில் அமர்த்துவதைச் சட்டம் தடுக்கிறது, அது சரியே. மாமல்லபுரத்தில் 1957ஆம் ஆண்டு அரசு தொடங்கிய சிற்பப் பயிற்சி நிலையம் பின்னர்க் கல்லூரியாக வளர்ந்து, சிற்பக் குடும்பத்தில் பிறவாதவரும் பட்டப்படிப்பாக இக்கலையைப் பயில வழி செய்தது. பிறப்பால் வந்த தொழில் விருப்பத்தால் தேரும் தொழிலாக மாறத் தொடங்கியமை அரிய மாற்றமாகும்.

கணினி நுழைந்த இடம்

எண்ணிமத் தொழில்நுட்பம் இத்துறைக்குச் செய்துள்ள நன்மைகளை முதலில் கூறுதல் வேண்டும். அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் கோயிலிலிருந்து களவாடப்பட்ட சோழர்கால நடராசர் படிமத்தை 2008ஆம் ஆண்டு ஆஸ்திரேலிய அருங்காட்சியகம் ஒன்று பெருந்தொகைக்கு வாங்கியது. புதுச்சேரியில் உள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் தமிழகக் கோயில்களின் படிமங்களை 1950களிலிருந்து ஒளிப்படம் எடுத்துத் தொகுத்து வைத்திருந்தது. அத்தொகுப்பில் இருந்த படத்துடன் ஒப்பிட்டபோது இரண்டும் ஒரே படிமம் என்பது உறுதியாயிற்று. 2014ஆம் ஆண்டு அது தாய்நாடு திரும்பியது. ஓர் ஒளிப்படம் கடல்கடந்த படிமத்தை மீட்டுத் தந்தது. இன்று முப்பரிமாண வருடி கொண்டு ஒரு படிமத்தின் மேற்பரப்பை மில்லிமீட்டர் பிசகாமல் கணினியில் பதிவு செய்ய இயலும். பதிவு செய்த வடிவை எத்திசையிலும் திருப்பி, சோழர்காலச் சிற்பி தாலமானத்தை எங்கே பின்பற்றினார், எங்கே தம் கண்ணை நம்பி மீறினார் என மாணவர் அளந்து கற்கலாம். கருவறையில் ஆடையாலும் மாலையாலும் மறைக்கப்பட்டிருக்கும் படிமத்தைச் சிற்பம் பயிலும் ஒருவர் முழுமையாகக் காண்பதற்கு இதனினும் நல்வழி இல்லை.

ஆயினும் இப்பதிவுகளும் தஞ்சைக் கல்வெட்டின் தொடர்ச்சியே என்பது நோக்கத்தக்கது. முழமும் விரலும் மில்லிமீட்டராயின. பதிவு செய்யப்படுவது அன்றும் இன்றும் செய்து முடிந்த பொருளே. திருட்டுப்போன படிமத்தை ஒளிப்படம் மீட்டது. வார்ப்பவர் இல்லாமற்போனால் எந்த ஒளிப்படத்தைக் காட்டி எவரை மீட்பது?

இன்னொரு மாற்றம் ஆழமாகச் சிந்திக்கத்தக்கது. கணினியில் வரைந்த வடிவத்தை இயந்திரம் மெழுகாகவோ மெழுகைப்போல் உருகும் பொருளாகவோ அடுக்கடுக்காக அச்சிட்டுத் தருகிறது. நகைத்தொழிலில் இம்முறை பரவலாகிவிட்டது. அச்சிட்ட மெழுகிலிருந்து ஒரே வார்ப்பில் பல மோதிரங்கள் வெளிவருகின்றன. கையால் நகை செய்த பொற்கொல்லர் பலர் அத்தொழிலைவிட்டு நீங்கினர். படிமத் தொழிலிலும் இவ்வியந்திரம் நுழையுமாயின் முதலில் வேலை இழப்பவர் யார்? பெயர்பெற்ற ஸ்தபதியைத் தேடி வருவோர் தொடர்ந்து வருவர். கைவேலையின் மதிப்பை அறிந்தவர் எக்காலத்தும் உண்டு. இயந்திரம் எளிதில் செய்துவிடக்கூடியவை பீடமும் திருவாசியும் திரும்பத்திரும்ப வரும் அணிகளும் சிறு படிமங்களுமே. அவைதாம் மாணவரின் கைக்கு முதலில் வரும் பணிகள். மேல்நிலையில் இருப்பவர் அப்படியே இருக்க, கீழ்ப்படிகள் மட்டும் ஏணியிலிருந்து கழன்றுவிடுகின்றன. ஒரு தலைமுறைக் காலத்திற்கு எக்குறையும் வெளியே தெரியாது. முதிர்ந்த ஸ்தபதிகள் ஓய்வு பெறும்போதுதான் அவர்களுடைய இடத்திற்கு ஏறிவந்தவர் எவருமில்லை என்பது தெரியவரும்.

இயந்திரத்தை வெறுக்கவேண்டும் என்பது இதன் பொருளன்று. துருத்தியின் இடத்திற்கு மின்விசிறி உலை வந்தபோது எவருக்கும் இழப்பில்லை, தோள்வலி குறைந்தது, உலைமுன் நிற்கும் வாய்ப்பு மாணவருக்கு எஞ்சியே இருந்தது. எந்த வேலையை இயந்திரத்திடம் விடுகிறோமோ அந்த வேலையில் யார், எதனைக் கற்றுக்கொண்டிருந்தார் என்பதைப் பார்த்துவிட்டு விடவேண்டும்.

கற்பவருக்காகச் செய்யும் பதிவு

கைவினை குறித்து இன்று கிடைக்கும் காணொளிகளுள் பெரும்பாலானவை காண்பவரை மகிழ்விக்க எடுக்கப்பட்டவை. இனிய இசை பின்னணியில் ஒலிக்க, மண் உடைந்து பொன்னிறப் படிமம் வெளிப்படும் காட்சி பத்து நொடியில் முடிந்துவிடும். மாணவருக்குத் தேவையானது வேறு. வார்ப்பவர் கண்ணின் உயரத்தில் நிறுத்திய படக்கருவி, அவர் காண்பதை அவ்வாறே காட்டவேண்டும். மண் பிசையும் ஓசை, பதம் கூடும்போது அவ்வோசை மாறுவது, ஊற்றுவதற்கு முன் ஸ்தபதி காக்கும் மௌனம் ஆகியவற்றை இசையால் மூடக்கூடாது. ஒரே மெழுகுக் கலவையைச் சித்திரையிலும் ஐப்பசியிலும் மார்கழியிலும் தனித்தனியே பதிவு செய்யவேண்டும். எல்லாவற்றினும் மேலாகத் தோல்வியைப் பதிவு செய்யவேண்டும். காற்றுக்குழி விழுந்த படிமம், உலோகம் எட்டாத விரல், வெடித்த அச்சு ஆகியவற்றைக் காட்டி ஒவ்வொன்றுக்கும் காரணம் இன்னதென ஸ்தபதி கூறும் பதிவு பத்து நொடிக் காட்சிகள் ஆயிரத்திற்கு ஈடாகும். குறைபட்ட படிமத்தை மீண்டும் உருக்கிவிடுவது பட்டறை வழக்கம். ஆதலால் கற்பதற்குரிய சிறந்த பாடங்கள் ஒவ்வொரு முறையும் உலைக்குள்ளேயே சென்று மறைகின்றன.

இத்தகைய பதிவும் பட்டறைக்கு மாற்றாகாது. ஆனால் பட்டறையில் ஒருமுறை கண்டதை இரவில் மீண்டும் கண்டு மனத்தில் இருத்த உதவும். மெழுகில் ஐயம் தோன்றினால் கைப்பேசியில் படமெடுத்துத் தொலைவில் உள்ள ஆசிரியருக்கு அனுப்பித் திருத்தம் பெறுதலும் இன்று எளிது. தன் கையில் மண்ணைத் தொட்டவருக்கே காணொளி பொருள்படும். தொடாதவருக்கு அது வேடிக்கை.

சப்பானில் உள்ள இசே என்னும் திருத்தலத்தின் மரபு இவ்விடத்தில் நினைக்கத்தக்கது. அங்குள்ள மரக்கோயிலை 20 ஆண்டுகளுக்கு ஒருமுறை அருகிலேயே அதே வடிவில் புதிதாகக் கட்டிப் பழையதைப் பிரித்துவிடுகின்றனர். போர்க்காலத்தில் இடையிடையே தடைப்பட்டதுண்டு. எனினும் ஏறத்தாழ 1300 ஆண்டுகளாக இம்மரபு வழங்குகிறது. 2013ஆம் ஆண்டு நிகழ்ந்தது 62ஆவது கட்டுமானம். இருபது வயதில் எடுபிடியாக நின்ற தச்சர் நாற்பதில் முதன்மைத் தச்சராகிறார், அறுபதில் மேற்பார்க்கிறார். அங்கே காக்கப்படுவது மரத்தைக் காட்டிலும் தச்சரின் கை எனலாம். யுனெஸ்கோ நிறுவனமும் 2003ஆம் ஆண்டு உடன்படிக்கையில் பொருள்களைக் காப்பதிலிருந்து செய்திறன்களைக் காப்பதைப் பிரித்து ஏற்றுக்கொண்டது. பஞ்சாபின் ஜண்டியாலா குருவில் தட்டேராக் கைவினைஞர்கள் செம்பிலும் பித்தளையிலும் பாத்திரம் செய்யும் முறை 2014ஆம் ஆண்டு அப்பட்டியலில் இடம்பெற்றது. இவ்வகை மரபுகளுக்கு அந்நிறுவனம் இட்ட பெயரின் பொருள் ‘தொட்டுணர இயலாத மரபு’ என்பதாகும். தொட்டுத் தொட்டே கற்கும் தொழில்களுக்கு இப்பெயர் வாய்த்தது சற்று வேடிக்கைதான்.

மாணவர் யார்?

இன்று பட்டறைக்குக் கற்க வருபவர் பன்னிரண்டாம் வகுப்பையேனும் முடித்த இளைஞர். அவர் வகுப்பில் உடன் பயின்றோர் கடையிலோ தொழிற்சாலையிலோ சேர்ந்து முதல் மாதத்திலேயே ஊதியம் பெறுகின்றனர். படிமக் கலையில் தனித்து நின்று பொருளீட்டும் திறன் வருவதற்கு அவர் பல ஆண்டுகள் காத்திருக்கவேண்டும். முற்காலத்தில் அவ்வாண்டுகளின் செலவைக் குடும்பம் ஏற்றது. மாணவரே மகனாகவோ மருமகனாகவோ இருந்தார். வெளியிலிருந்து வருபவருக்கு அச்செலவை ஏற்பவர் யார்? ஸ்தபதி ஏற்கலாம் எனின், மாணவரால் கெடும் மெழுகுக்கும் மண்ணுக்கும் நேரத்திற்கும் சேர்த்து அவர் படிமத்தின் விலையைக் கூட்டவேண்டும். கூட்டினால் அச்சுக்குச்சு வார்ப்புகளை மலிவாக விற்பவரோடு போட்டியிட முடியாது. அரசின் பயிற்சி உதவித்தொகையும் கூட்டுறவு முயற்சிகளும் இச்சுமையை ஓரளவு பகிர்கின்றன. புவிசார் குறியீடு பெற்ற சுவாமிமலைப் படிமத்தை இணையவழியில் நேரடியாக விற்க முடிவதால் இடைத்தரகுக்குச் செல்லும் தொகையின் ஒரு பகுதி பட்டறைக்கே திரும்புகிறது. கணினியால் இத்தொழிலுக்குக் கிடைத்த பயன்களுள் இதனைச் சிறிதெனக் கருதலாகாது. மாணவர் ஒருவரின் ஊதியம் அத்தொகைக்குள் அடங்கக்கூடும்.

இணையத்தில் படிமம் வாங்குபவரின் கண்முன் உயரம், எடை, உலோகம், விலை ஆகிய விவரங்கள் தோன்றுகின்றன. தஞ்சைக் கல்வெட்டு தந்த விவரங்களும் ஏறத்தாழ இவையே. அப்படிமத்திற்கு மண் பிசைந்தவர் யார், அவர் இப்போது எந்தப் படியில் நிற்கிறார் என்பதற்கான வரி அங்கும் இல்லை. இங்கும் இன்னும் சேர்க்கப்படவில்லை.